கட்டடப் படப் புத்தகம்: ஐயாயிரம் ரூபாய்க்கு எதை வாங்க?

இந்த வருடத்தில் மட்டும் இதே கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்துவிட்டது. ஒருவர் ஆர்க்கிடெக்சர் மூன்றாம் ஆண்டு படிக்கும் தம்பி. ஒருவர் கல்யாண ஆல்பம் எடுக்கும் நண்பர். இன்னொருவர் என்னைப் போலப் புத்தகங்களுக்கு அட்டை வடிவமைப்பவர். மூவரும் கேட்டதன் சாரம் ஒன்றுதான்: "கையில் ஐயாயிரம் ரூபாய் இருக்கிறது, தலையில் ஒன்றும் ஓடமாட்டேன் என்கிறது. நல்ல கட்டடப் புகைப்படப் புத்தகம் ஒன்று வாங்கலாமென்று இருக்கிறேன். எது?"

கட்டடத்துக்கும் கல்யாண ஆல்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். படத்தில் முகம் இருந்தால் கண் நேராக அங்கேதான் போகும். கட்டடப் படத்தில் அந்தத் தொந்தரவு இல்லை. வெயில் சுவரில் எங்கே வந்து நிற்கிறது, எவ்வளவு இடத்தைச் சும்மா விட்டிருக்கிறார்கள், தூண் வரிசை பார்வையை எங்கே கூட்டிக்கொண்டு போகிறது என்பதெல்லாம் பளிச்சென்று தெரியும். என் அலமாரியில் இப்படிப் பதினான்கு புத்தகங்கள் இருக்கின்றன. அதில் ஐந்தை வாங்கியிருக்கவே வேண்டாம். அந்த ஐந்துக்குக் கொடுத்த காசில் கற்றதுதான் கீழே இருப்பது.

## எதை வைத்து எடைபோடுவது

அச்சுத் தரத்தை நான் கடைசியில்தான் பார்ப்பேன். இந்த விலைக்கு வருவதெல்லாம் ஓரளவு நன்றாகவே அச்சாகியிருக்கும். முதலில் கேட்க வேண்டியது வேறு: புத்தகத்தை மூடி வைத்த பிறகு, நாளைக்கு நான் செய்து பார்க்க ஒரு வேலை மிஞ்சுகிறதா? "அடடா, என்ன அழகு" என்ற பெருமூச்சோடு முடிந்துவிட்டால் அது பார்த்த சுகம், அவ்வளவுதான். அது வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு ஐயாயிரம் அதிகம்.

அடுத்தது, ஆறு மாதம் கழித்து அதைத் திரும்ப எடுப்போமா என்பது. மூன்றாவது, புகைப்படம் எதையாவது மறைக்கிறது என்றால் (எல்லாப் புகைப்படமும் மறைக்கும்) அதைத் தெரிந்துகொள்ள புத்தகத்துக்குள்ளேயே வழி இருக்கிறதா?

கடைசியாக முழுச் செலவு. அட்டையில் இருக்கும் விலை பாதிக் கதைதான். வெளிநாட்டுப் புத்தகத்துக்கு 2019 பட்ஜெட்டில் 5 சதவீத சுங்கவரி போட்டார்கள். எடை இரண்டு மூன்று கிலோ என்பதால் அனுப்பும் செலவும் சேரும். வந்து சேரும்போது மூலை நசுங்கியிருக்கும். எனக்கு இரண்டு முறை நடந்தது, ஒரு முறைதான் மாற்றிக் கொடுத்தார்கள். அப்புறம் நம் ஊர்க் காற்று. வழவழப்பான ஆர்ட் பேப்பர் ஈரம் பட்டால் பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் மசி உரிந்து வரும். ராமபாணப் பூச்சிக்கு பைண்டிங் பசை என்றால் விருந்து. வேப்பிலை, அந்துருண்டை, மாதம் ஒரு முறை எடுத்துத் தட்டி விசிறி வைப்பது என்று அதற்கு ஊழியம் செய்ய வேண்டும்.

## முதல் வழி: தடிமனான தொகுப்பு

ஐந்நூறு பக்கம், நூறு கட்டடங்கள், உலகம் முழுக்க. ஜெர்மனியின் டாஷன் போன்ற பதிப்பகங்கள் தங்கள் பெரிய புத்தகங்களையே அளவு குறைத்து மலிவாகவும் போடுகின்றன. அதனால் பலரும் முதலில் வாங்குவது இதைத்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

இது கல்யாண விருந்து இலை மாதிரி. எல்லாம் இருக்கும், எதுவும் இரண்டாவது கரண்டி கிடைக்காது. ஒரு கட்டடத்துக்கு மூன்று படம், அதுவும் மூன்று வெவ்வேறு புகைப்படக்காரர்கள் எடுத்தவை. அந்தி நீலத்தில் வானம், உள்ளே மஞ்சள் விளக்கு, முன்னால் தண்ணீரில் பிரதிபலிப்பு என்று நாற்பதாவது பக்கத்திலேயே எல்லாம் ஒன்று போலத் தோன்ற ஆரம்பித்துவிடும். என் ஐந்து தவறுகளில் மூன்று இந்த வகை.

மறைவான செலவு ஒன்று உண்டு. இதிலிருந்து எடுத்தாள்வது சுலபம் என்பதால் நாம் நேராகக் காப்பியடித்துவிடுவோம். நான் போட்ட ஒரு நாவல் அட்டையைப் பார்த்துவிட்டு, "இது அந்த நார்வேக்காரன் படிக்கட்டுதானே?" என்று ஒருவர் கேட்டார். அதுதான். அவரிடமும் அதே புத்தகம் இருந்திருக்கிறது.

இது யாருக்குச் சரி? தனக்கு என்ன பிடிக்கும் என்றே இன்னும் தெரியாதவருக்கு. அவரும் வாங்க வேண்டியதில்லை. சென்னை கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ, மதுரை புதுநத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலோ இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து, கையில் கிடைக்கிற கட்டடக் கலைப் புத்தகங்களைப் புரட்டலாம். எந்தப் படத்தில் கை தானாக நின்றதோ அதை எடுத்தவர் பெயரைக் குறித்துக்கொண்டு வந்தால் போதும்.

## இரண்டாம் வழி: ஒரே ஆளின் கண்

அந்தப் பெயர் கிடைத்துவிட்டால் அடுத்த வாசல் இது. ஒரே புகைப்படக்காரர், ஒரே பிடிவாதம், இருநூறு பக்கம். என் காசு பெரும்பாலும் இங்கேதான் போயிருக்கிறது, திரும்பியும் வந்திருக்கிறது.

பெர்ண்ட் பெஹர், ஹில்லா பெஹர் என்று ஒரு ஜெர்மன் தம்பதி. 1959-இல் சேர்ந்து படம் எடுக்கத் தொடங்கினார்கள். எடுத்ததெல்லாம் தண்ணீர்த் தொட்டிகள், ஊதுலைகள், எரிவாயுக் கொள்கலன்கள், சுரங்கத்தின் மேல் நிற்கும் சக்கரக் கோபுரங்கள். யாரும் திரும்பிப் பார்க்காத தொழிற்சாலைச் சாமான்கள். நிழல் விழக்கூடாது என்பதற்காக மேகம் மூடிய நாளுக்குக் காத்திருப்பார்கள். நேருக்கு நேர் நிற்பார்கள். கட்டடத்தின் பாதி உயரத்துக்கு ஏணியோ சாரமோ கிடைத்தால் அதில் ஏறிக்கொள்வார்கள். அப்போதுதான் கோபுரம் மேலே குறுகாமல் நெட்டாக நிற்கும். பிறகு ஒன்பதோ பதினைந்தோ படங்களைக் கட்டம் கட்டமாக அடுக்குவார்கள். வாழ்நாள் முழுக்க அதே வேலை. 1990-இல் வெனிஸ் பியன்னாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் அவர்களுக்குப் பரிசு கொடுத்தபோது சிற்பத்துக்கான பரிசைத்தான் கொடுத்தார்கள். புகைப்படத்துக்குச் சிற்பப் பரிசு! புத்தகத்தைப் பார்த்தால் அது நியாயம்தான் என்று புரியும்.

முதல் முறை பார்த்தபோது எனக்குச் சலிப்பாக இருந்தது. தொட்டி, தொட்டி, இன்னொரு தொட்டி. ஒரு வாரம் கழித்து உசிலம்பட்டிக்குப் பஸ்ஸில் போகிறேன், ஜன்னல் வழியாக ஒவ்வொரு ஊராட்சியின் வாட்டர் டேங்கும் கண்ணில் வந்து நிற்கிறது. அதுவரை அவற்றை நான் பார்த்ததே இல்லை என்பதுதான் உண்மை. நான்கு கால், ஆறு கால். உருளை, கவிழ்த்த கூம்பு. ஏணி வெளியே சுற்றிப் போவது, ஏணி உடைந்து பாதியில் நிற்பது. அந்தக் கார்த்திகையில் மூடாக்குப் போட்ட நாட்களாகப் பார்த்து டிவிஎஸ்-50-இல் போய் முப்பத்திரண்டு தொட்டிகளை எடுத்தேன். பாதி உயரத்துக்கு ஏற வழியில்லை. பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் அனுமதி கேட்க வேண்டும், "எதுக்கு சார், இடிக்கப் போறாங்களா?" என்று கேட்பார்கள். அதில் பன்னிரண்டைக் கட்டம் கட்டி ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு அட்டையாகப் போட்டேன். நான் செய்ததில் எனக்கு இன்னும் பிடித்த அட்டை அதுதான்.

இதைத்தான் முதல் அளவுகோலில் சொன்னேன். பெஹர் புத்தகத்திலிருந்து நான் எடுத்து வந்தது படமில்லை, ஒரு விதி. விதியை நம் ஊருக்குக் கொண்டு வந்தால் அது நம் ஊர்ப் படமாகிவிடும்.

கிறிஸ்டோஃபர் ஹெர்விக் என்ற கனடாக்காரர் 2002-இல் லண்டனிலிருந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வரை சைக்கிளில் போனார். மணிக்கு ஒரு நல்ல படமாவது எடுக்க வேண்டும் என்று தனக்குத்தானே ஒரு நிபந்தனை. அந்த நிபந்தனையால்தான் சோவியத் காலத்துப் பஸ் நிறுத்தங்கள் அவர் கண்ணில் பட்டன; பின்னால் புத்தகமாயின. லூசியன் எர்வே வேறு மாதிரி. 1949-இல் பிரான்சின் மார்செய் நகரத்தில் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடியை ஒரே நாளில் 650 படம் எடுத்தார். பின்னால் கொர்பூசியே திட்டமிட்ட சண்டிகரையும் எடுத்தார். அச்சான படத்தைக் கத்தரிக்கோலால் வெட்டுவதில் அவருக்குத் தயக்கமே கிடையாது. கட்டடத்தில் முக்கால்வாசி போய் ஒரு நிழல் கோடும் ஒரு படியும் மிஞ்சினால் அதுவே அவருக்குப் போதும். உங்களிடம் கழித்துப்போட்ட படங்கள் இருந்தால் பிரிண்ட் போட்டு வெட்டிப் பாருங்கள். கணினியில் க்ராப் செய்வதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது; வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால் கை யோசிக்கும்.

இந்த வழியின் ஆபத்து மறைப்பதில் இருக்கிறது. அமெரிக்காவின் ஜூலியஸ் ஷுல்மன் 1960-இல் எடுத்த ஒரு படம் உலகப் புகழ். லாஸ் ஏஞ்சல்ஸ் மலை விளிம்பில், பியர் கோனிக் வடிவமைத்த கண்ணாடி வீடு, உள்ளே இரண்டு பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள், கீழே நகரம் முழுக்க விளக்கு. அப்போது வீடு முடிந்திருக்கவில்லை. நாற்காலி மேசையெல்லாம் படத்துக்காகக் கொண்டுவந்து வைத்தவை. ஏழு நிமிடம் போலக் கேமராவைத் திறந்து வைத்து நகரத்து விளக்கைப் பதிவுசெய்துவிட்டு, அப்புறம் ஃபிளாஷ் தட்டிப் பெண்களை எடுத்தார். தோட்டம் இன்னும் வளராத வீடு என்றால் மரக்கிளையை வெட்டி லென்ஸுக்கு முன்னால் பிடிக்கச் சொல்வாராம். குறையாகச் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் அலங்காரம் செய்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. ஆனால் வீடு கட்டப் படிக்கிற பிள்ளை இதை மட்டும் பார்த்து வளர்ந்தால், மழைத் தண்ணீர் எங்கே வடியும் என்ற கேள்வியே அதற்கு வராது.

செலவு: நல்ல பதிப்பு என்றால் நான்காயிரத்துக்குக் கீழே நான் பார்த்தது குறைவு. அச்சில் இல்லாமல் போனால் விலை ஏறும், திரும்ப விற்கவும் முடியும். அதற்கு மேலுறை கிழியாமல் இருக்க வேண்டும். உறை போனால் வாங்குபவர் பாதி விலை பேசுவார்.

## மூன்றாம் வழி: ஒரே கட்டடக் கலைஞர், வரைபடத்தோடு

இங்கே புகைப்படமும் பிளானும் பக்கத்துப் பக்கத்துப் பக்கங்களில் வரும். அந்த ஒன்றுக்காகவே காசு கொடுக்கலாம்.

இலங்கையின் ஜெஃப்ரி பாவாவை எடுத்துக்கொள்கிறேன். கொழும்பில் 33வது லேனில் அவர் வீட்டின் புகைப்படங்களைப் பார்த்திருப்பீர்கள்: வெள்ளைச் சுவர், நீளமான நடை, எங்கிருந்தோ மேலிருந்து விழும் வெளிச்சம். படத்தை மட்டும் பார்த்தால் ஏதோ பெரிய மாளிகை என்றுதான் தோன்றும். பிளானைப் பார்த்தால்தான் விஷயம் புரிகிறது. அது வரிசையாக இருந்த நான்கு சின்ன வீடுகள். ஒவ்வொன்றாக வாங்கி, சுவரை உடைத்துச் சேர்த்துச் சேர்த்து ஒரே வீடாக்கியிருக்கிறார். அந்த நீள நடையும் திடீர் முற்றங்களும் அப்படிப் பிறந்தவை. இடுக்கான மனையை வைத்துக்கொண்டு அல்லாடும் நமக்கு இது எவ்வளவு பெரிய செய்தி! பென்தோட்டைக்குப் பக்கத்தில் 1948-இல் வாங்கிய லுனுகங்க தோட்டத்தையும் அவர் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் மாற்றிக்கொண்டேதான் இருந்தார். பாவா மதுரையில் ஒரு கிளப் வடிவமைத்ததும், சென்னை கன்னிமரா ஹோட்டலை 1970-களில் மாற்றியமைத்ததும் இங்கே பலருக்குத் தெரியாது.

அவரைப் பற்றி டேவிட் ராப்சன் 2002-இல் கொண்டுவந்த முழுத் தொகுப்பு இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. பாவா அலுவலக வரைபடங்களில் மரங்களை இலை இலையாக வரைந்திருப்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தாலே நேரம் போய்விடும்.

குறை என்னவென்றால், பிளான் படிக்கத் தெரியாதவருக்குப் பாதிப் புத்தகம் வீண். எனக்கே முதல் வருடம் செக்‌ஷன் (கட்டடத்தை நெடுக வெட்டி உள்ளே காட்டுவது போன்ற வரைபடம்) என்றால் விளங்கவில்லை. அப்புறம் இந்த வகையில் எழுத்து அதிகம், அதுவும் ஆங்கிலத்தில், பாதி புகழ்மாலை.

## நான்காம் வழி: பழைய படங்களை நாமே அச்சிடுவது

இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தவர். 1857 டிசம்பரிலிருந்து சில மாதங்கள், மாட்டு வண்டிகளில் கேமராவையும் ரசாயனங்களையும் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், மதுரை என்று சுற்றினார். மெழுகு தடவிய காகிதத்தில் நெகடிவ். மதுரையில் புதுமண்டபம், தெப்பக்குளம், இன்று துணிக்கடைகளுக்கு நடுவே நிற்கும் விளக்குத்தூண் எல்லாம் எடுத்திருக்கிறார். திருமலை நாயக்கர் மஹாலையும் எடுத்தார். நாம் இன்று டிக்கெட் வாங்கிப் பார்ப்பது நேப்பியர் கவர்னராக இருந்தபோது பழுதுபார்த்த மஹால்; டிரைப் பார்த்தது அதற்கு முந்தைய சிதைந்த கட்டடம். 1859-இல் வந்த கவர்னர் டிரெவெல்யன், இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று டிரைப்பின் வேலையையே நிறுத்திவிட்டார். கலைக்கு நிதி வெட்டுவது புதிதில்லை, பாருங்கள்.

இவருடைய படங்கள் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. மெட்ரோபாலிட்டன், காப்புரிமை தீர்ந்த தன் படங்களைப் பெரிய அளவில் இலவசமாகவே இறக்கிக்கொள்ள விடுகிறது. நாற்பது படம் தேர்ந்தெடுத்து ஏ3-இல் அச்சிட்டு ஸ்பைரல் போட்டால் உங்கள் சொந்தப் புத்தகம் தயார். விரித்த பக்கம் விரித்தபடி கிடக்கும். பெரிய புத்தகங்களில் இரட்டைப் பக்கப் படத்தின் நடுப்பகுதியை மடிப்பு விழுங்கிவிடுமே, அந்தத் தொல்லையும் இல்லை.

இதிலும் ஒரு விதி கிடைக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டை டிரைப் நகர்ந்து நகர்ந்து எடுத்து, இருபத்தொரு அச்சுகளை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். பின்னட்டை, முதுகு, முன்னட்டை என்று மூன்றும் தொடர்ந்து ஓடும் அட்டை வேண்டுமென்றால் இதே வேலைதான். ஒரே தூரம், ஒரே உயரம், இரண்டடி நகர்ந்து அடுத்த கிளிக். எங்கள் தெரு மதில் ஒன்றை அப்படி எடுத்தேன், சுவரொட்டி மேல் சுவரொட்டியாக.

மறைவான செலவு நேரம். தேர்ந்தெடுக்கவே எனக்கு மூன்று வாரம் ஆனது. அச்சுக் கடையில் இன்னொன்று. பழுப்பு நிறம்தான் அந்தப் படங்களின் உயிர். வாங்கப் போனால், "அண்ணே, பூராம் மஞ்சப் பூத்துப் போய் இருந்துச்சு, கலர எடுத்துட்டேன்" என்று தம்பி சந்தோஷமாகக் கறுப்பு வெள்ளையை நீட்டினார். நாற்பது பக்கமும். திரும்ப அச்சிட்டோம், பாதிக் காசு அவர், பாதி நான்.

## இன்ஸ்டாகிராம் போதாதா?

பெயர் கண்டுபிடிக்கப் போதும். அதற்கு மேல், அடுத்து எந்தப் படம் என்பதை அங்கே ஒரு ஆள் யோசித்து வைக்கவில்லை. புத்தகத்தில் இடது பக்கம் எதற்குக் காலியாக இருக்கிறது என்பதுகூட யோசித்து விட்டதுதான்.

## பக்கத்தில் பக்கமாக

| | தொகுப்பு | ஒரே கண் | கலைஞர் + வரைபடம் | நாமே அச்சிடுவது |
|---|---|---|---|---|
| கையில் வேலை மிஞ்சுமா | அரிது | நிச்சயம் | பிளான் தெரிந்தால் | மிஞ்சும் |
| திரும்பத் திறப்போமா | ஒரு வருடத்தில் அலுக்கும் | திறப்போம் | வருடக்கணக்கில் | நாமே தேர்ந்தது என்பதால் அடிக்கடி |
| மறைப்பது தெரியுமா | தெரியாது | பெரும்பாலும் தெரியாது | தெரியும் | இன்றைய இடத்தோடு ஒப்பிட்டால் தெரியும் |
| வாங்கும் செலவு | குறைவு | அதிகம் | மிக அதிகம் | ஆயிரம் இரண்டாயிரம் |
| மறைவான செலவு | காப்பியடிக்கும் சபலம் | மேலுறை, எடை, பூச்சி | பிளான் படிக்கப் பழகும் காலம் | நேரம், அச்சுக்கடை |

## மூவருக்கும் சொன்னது

ஆர்க்கிடெக்சர் தம்பிக்கு மூன்றாம் வழி. ஆனால் உடனே வாங்க வேண்டாம், முதலில் கல்லூரி நூலகத்தில் தேடட்டும். அங்கே இருந்தால் ஐயாயிரத்தை ரயில் டிக்கெட்டுக்கு வைத்துக்கொண்டு சண்டிகரோ அகமதாபாத்தோ நேரில் போகலாம். படிக்கும் காலத்தில் புத்தகத்தைவிட அது லாபம்.

அட்டை வடிவமைப்பவருக்கு நான்காவதை முதலிலும், மிச்சக் காசுக்கு இரண்டாவதில் ஒன்றையும் சொன்னேன். பெஹரா எர்வேயா என்றார். பொறுமை இருந்தால் பெஹர், கைவேகம் இருந்தால் எர்வே. இரண்டும் இல்லையென்று சிரித்தார். அப்படியானால் மணிக்கு ஒரு படம், செலவே இல்லை.

கல்யாண நண்பருக்கு ஷுல்மன்தான், சந்தேகமே இல்லை. மண்டபத்து ட்யூப்லைட்டையும் வெளியே சீரியல் விளக்கையும் ஒரே படத்தில் எப்படிச் சமாளிப்பது என்று வருடக்கணக்காகப் புலம்புகிறவர் அவர். வாங்க வேண்டாம், என்னுடையதை ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்தனுப்பினேன். மேலுறையை மட்டும் கழற்றி அலமாரியில் வைத்துக்கொண்டேன்.